‘அவர்களே’ வரிசையும் கிச்சாப் போத்தலும்

மேசைமேல் வந்த போத்தல்

ஒரு திங்கட்கிழமை காலை, ஈப்போவில் இருந்த எங்கள் சுகாதார அலுவலகத்தில், டாக்டர் பாலன் என் மேசைமீது ஒரு கிச்சாப் போத்தலை வைத்தார். கிச்சாப் என்றால் எங்கள் ஊரில் சோயா சாஸ். ஏதோ வீட்டுக்கு வாங்கியதை மறந்து இங்கே வைக்கிறார் என்று நினைத்து எடுத்து ஓரமாக வைக்கப் போனேன்.

"தொடாதீங்க மிஸ்ஸி. உள்ள இருக்கிறது கிச்சாப் இல்ல" என்றார்.

நர்ஸ்களை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே இருந்தது புல்லு மருந்து. ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்டுகிற லாலான் புல்லைச் சாகடிக்க, முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு பெண்கள் அடிப்பார்களே, அந்தக் களைக்கொல்லி. எழுபதுகளில் எங்கள் பக்கம் வந்த மருந்து கறுப்புக் காப்பி நிறத்தில் இருக்கும். வேலை முடிந்து மிச்சம் இருப்பதைக் கையில் கிடைத்த போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது தோட்டங்களில் சகஜம். வீட்டுக்குப் பின்னாலும் லாலான் இருக்கிறதே, அதற்கு. கையில் கிடைக்கிற போத்தல் பெரும்பாலும் கிச்சாப் போத்தலாகத்தான் இருக்கும். வீட்டில் அதை வைக்கிற இடம் பெரும்பாலும் அடுப்படிப் பலகையாகத்தான் இருக்கும். ஒரு வாய் உள்ளே போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. முந்தைய மாதம்தான் ஹுத்தான் மெலிந்தாங் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் ஒருவர் சோற்றில் கிச்சாப் என்று ஊற்றிக்கொண்டார். சில நாட்கள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு மூச்சுவிட முடியாமல் போய்ச் சேர்ந்தார்.

"இது எங்க கெடைச்சது டாக்டர்?"

"காம்பார் பக்கத்துத் தோட்டம். டிரசர் காய்ச்சல் பார்க்கப் போன வீட்டுல, அடுப்படியில இருந்து எடுத்திருக்காரு. தத்தி நடக்கிற பிள்ளை இருக்கிற வீடு. நீங்க போய்ப் பேசிட்டு வந்த தோட்டம்தானே அது?"

அதே தோட்டம்தான். டிரசர் என்றால் தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். அவர் சொன்னால் சரியாக இருக்கும். நான் அங்கே போய் இந்தப் புல்லு மருந்தைப் பற்றித்தான் பேசியிருந்தேன். அதுவும் எப்படிப்பட்ட பேச்சு! படம் காட்டிப் பேசினேன், கதை சொன்னேன், குரலை ஏற்றி இறக்கினேன். கைதட்டு அடங்கவே இல்லை. வேனில் திரும்பி வரும்போது எங்கள் மலாய்க்கார டிரைவர் ஹம்சாவிடம், அண்ணன் என்று அவர் மொழியிலேயே கூப்பிட்டு, "எப்படி அபாங் பேச்சு?" என்று கேட்டு, "பாகூஸ் மிஸ்ஸி, நல்லா இருந்திச்சி" என்று பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

"அந்த ஒரு வீட்டுல மட்டும் இருக்கும்னு எனக்குத் தோணல. இன்னொரு தடவ போங்க. இந்தத் தடவ போத்தல் எல்லாம் வெளிய வரணும். பிள்ளை ஏதாவது எடுத்துக் குடிச்ச பிறகு நாம பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார் டாக்டர்.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அரிப்பு. அவ்வளவு கை தட்டினார்களே, பிறகு ஏன் ஒரு போத்தல்கூட அசையவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது போல இருந்தது.

என்ன ஞாபகம் இருக்கு?

இங்கே என் பேச்சின் கட்டுமானத்தைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. முன்னுரை, நடுப்பகுதி, முடிவுரை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் நிமிடத்திலேயே கூட்டத்தைப் பிடித்துவிட வேண்டும். 'தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே' என்று அவர்களே வரிசையை ஓட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது. எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களுடையது மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். எங்கள் சாமியார் பிரசங்க மேடையில் ஏறினால் யாரையும் பேர் சொல்லி விளிக்க மாட்டார், நேரே விஷயத்துக்கு வருவார். தோட்டத்துக் கூட்டங்களில் அந்த வரிசை நீளும்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வரும். ஆகவே காம்பார் தோட்டத்தில் அதை அடியோடு வெட்டிவிட்டு, "உங்கள் வீட்டு அடுப்படியில் எமன் உட்கார்ந்திருக்கிறான்" என்று தொடங்கினேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்ததைத்தான் பார்த்தேன்.

மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போய், கூட்டம் கூட்டாமல், லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில், வீடு வீடாக நுழைந்து ஒரே கேள்வி கேட்டேன். "அன்னிக்கு நான் பேசினேனே, என்ன ஞாபகம் இருக்கு?"

முதல் வீட்டில், "நீங்க நீலச் சீலை கட்டியிருந்தீங்க மிஸ்ஸி. பார்டர் நல்லாருந்துச்சு" என்றார்கள்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் நெஞ்சுக்கூடு படத்தை ஞாபகம் வைத்திருந்தார். "அது மாட்டு நெஞ்சா, மனுச நெஞ்சா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இன்னொரு வீட்டில் எமன் என்ற சொல் மட்டும் தங்கியிருந்தது. எதற்காக எமன் வந்தான் என்பது தங்கவில்லை. "சாராயத்தப் பத்தித்தானே பேசுனீங்க?" என்றார் அந்த வீட்டுக்காரர், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு.

மூன்று நான்கு வீடுகளில் வேறொரு விஷயம் வந்தது. அதை யாரும் முதலில் சொல்லவில்லை. தேநீர் கொடுத்துவிட்டு, நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு, போகிற போக்கில் சொன்னார்கள். "எங்க தலைவரு பேரைத்தான் நீங்க சொல்லல மிஸ்ஸி."

தலைவர் என்றால் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் வீராசாமி. பேச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வெளியே போனதும், அவர் பின்னாலேயே ஆண்கள் சிலர் போனதும் என் கண்ணில் பட்டதுதான். வெற்றிலை துப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் வெற்றிலை துப்ப அத்தனை பேர் துணைக்குப் போவார்களா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

லெச்சுமியின் பலகை

கடைசி லயத்தில் லெச்சுமியின் வீடு. மருந்தடிக்கிற கும்பலில் வேலை செய்பவள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பையன், தத்தி நடக்கிற வயசு. என்னைப் பார்த்ததும், "வாங்க மிஸ்ஸி, டிரசரு எடுத்துட்டுப் போனது பத்தாதுன்னு வந்தீங்களா?" என்றாள். அப்போதுதான் டாக்டர் மேசைக்கு வந்த போத்தல் இவள் வீட்டுடையது என்று தெரிந்தது.

அடுப்படிப் பலகையில் பார்த்தேன். மறுபடியும் இரண்டு கிச்சாப் போத்தல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"ரெண்டுல எது கிச்சாப், லெச்சுமி?"

"எனக்குத் தெரியும்லா."

"இவனுக்குத் தெரியுமா?"

அவள் பையனைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து காட்டினாள். கதவுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு லாலான். "போன மாசம் இதுக்குள்ளேர்ந்து பாம்பு வந்து வாசப்படியில சுருண்டுகிட்டு கெடந்துச்சி. லயத்துக்குப் பின்னால அடிக்கிறது நம்ம வேல இல்லேங்கிறாரு மண்டோரு. அப்ப யாரு அடிப்பா?"

மண்டோர் என்பவர் வேலை வாங்குகிற மேற்பார்வையாளர். மருந்து ஸ்டோர் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"சரி, அன்னிக்குக் கூட்டத்துல நான் அவ்வளவு சொன்னேனே. போத்தலக் கொண்டாந்து குடுங்கன்னு கேட்டேனே?"

லெச்சுமி சிரித்துவிட்டாள். "மிஸ்ஸி, நீங்க படிச்சவங்க. தொரைய முன்னால நாக்காலியில ஒக்கார வெச்சிக்கிட்டு, தோட்டத்து மருந்த எடுத்தவங்க கொண்டாந்து குடுங்கன்னா யாரு குடுப்பா? மறுநாளே பேரு வெட்டிடுவாங்க. பேரு வெட்டுனா வேலயும் போச்சி, வீடும் போச்சி."

துரை என்றால் தோட்டத்து மேனேஜர். அன்றைக்கு முன்வரிசை நாற்காலியில் அவர்தான் இருந்தார். ஒரு கூட்டத்தில் என்ன பேசுகிறோம் என்பதைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி யோசித்ததே இல்லை. கைதட்டுகூட அதனால்தான் பலமாக வந்ததோ என்னவோ. துரை பார்க்க, பலமாகக் கை தட்டுகிறவர் வீட்டில் மருந்து இருக்காது அல்லவா!

"இதை நான் எடுத்துட்டுப் போறேன். யார் கிட்டேயும் சொல்ல மாட்டேன்" என்று போத்தலுக்குக் கை நீட்டினேன்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா என் வீட்டுப் போத்தல் ஒண்ணுதான் போவும். நான் வேலைக்குப் போனா இவன் நாள்பூரா பக்கத்து வீட்டு பார்வதி கிட்டத்தான் இருக்கான். அங்கயும் ஒண்ணு இருக்கு. அவ பலக இதவிடத் தாழ்வு."

"பார்வதி கிட்ட நீயே சொல்லலாமே?"

"எப்படிச் சொல்றது? அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. கொழாத்தண்ணிச் சண்டை. புள்ளைய மட்டும் பாத்துக்கிடுவா. அது வேற."

பேச்சு இல்லாத வீட்டில் பிள்ளையை நாள் முழுக்க விடுகிற விசித்திரத்தை எங்கள் தோட்டங்களில்தான் பார்க்கலாம். நான் சிரித்தேன். லெச்சுமியின் போத்தலை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வேனில் ஏறினேன். பையன் கையாட்டினான். அவன் பார்வதி வீட்டுப் பக்கம் நடந்துபோவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கொட்டாவி விட்ட இடத்தில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்றாலும் ஹம்சாவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தேன்.

பேச்சாளர் ஒருவர் எழுந்து, 'பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே' என்று தொடங்கினார். வழக்கமாக எனக்குக் கொட்டாவி வருகிற இடம். கூட்டத்தைப் பார்த்தால், ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறந்தார். பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயை மூடினார்கள். யார் பேர் முதலில் வருகிறது, யார் பேர் பின்னால் தள்ளப்பட்டது, யார் பேர் விட்டுப்போனது என்று கூடம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. வரிசை முடிந்து, 'நான் இங்கே பேச வந்தது' என்று அவர் தொடங்கிய மறுகணம், திறந்த கண் மூடிக்கொண்டது. அந்த இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

ஹம்சாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். "பாத்தீங்களா அபாங்? இவங்க உயிரக் குடுத்துக் கேக்கிற எடம் அது ஒண்ணுதான்!"

"அப்ப மிஸ்ஸி, அந்த எடத்துலயே பேசிட்டு எறங்கிறலாம்லா" என்று சிரித்தார் ஹம்சா.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. கூட்டம் விழித்திருக்கிற நேரத்தில் பேர்களை மட்டும் சொல்லிவிட்டு, அது தூங்கப் போன பிறகு விஷயத்தைச் சொல்வானேன்? பேரோடு விஷயத்தைக் கட்டி அனுப்பினால் என்ன? மண்டோர் அவர்களே என்று சொல்கிற அதே மூச்சில், மண்டோர் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டால்? ஊர் முழுக்கக் கேட்க, பேர் சொல்லி ஒருவரிடம் ஒரு வேலை ஒப்படைத்தால், அவரும் இல்லை என்று சொல்ல முடியாது, பக்கத்தில் இருப்பவரும் மறக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து என் பழைய பேச்சுக் குறிப்புகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். முதலில் யார் யார் வீட்டிலிருந்து எழுந்து எங்கே போக வேண்டும் என்று யோசித்தேன். மருந்து வீட்டுக்கு வருவதே லாலானால்தான். ஆகவே லயத்துக்குப் பின்னால் தோட்ட நிர்வாகமே புல்லுக்கு மருந்தடிக்க வேண்டும். மிச்ச மருந்து ஸ்டோருக்குத் திரும்பிப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பேர் வெட்டமாட்டேன் என்று துரை சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இரண்டு வாசல்

துரை சீனர். சின்ன துரையாக, அதாவது உதவி மேனேஜராக, வேலைக்கு வந்த காலத்திலேயே தமிழ் படித்துக்கொண்டவர். ஆபீசில் போய்ப் பார்த்தேன். லாலான் அடிக்க உடனே சம்மதித்தார். பேர் வெட்டுகிற விஷயத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"மிஸ்ஸி, திருடினவன கேக்காம விட்டா, நாளைக்கி எல்லாரும் எடுப்பான்."

"கேட்டீங்கன்னா யாரும் திருப்பித் தரமாட்டாங்க தொரை. போத்தல் உள்ளயே இருக்கும். பிள்ளைங்களும் உள்ளயே இருக்கும்."

"நான் யோசிக்கிறேன்" என்றார். எழுந்து நின்றார். நான் போகலாம் என்று அர்த்தம்.

அடுத்து வீராசாமியின் வீடு. அவர் என்னை உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"பேரு சொல்லாத எடத்துல எனக்கு என்னம்மா வேல? இந்தத் தோட்டத்துல சாவு, கல்யாணம், திருவிழா எல்லாத்துக்கும் முன்னால நிக்கிறவன் நான். என்னய ஆளாவே மதிக்கலேன்னா, நான் சொல்லி யாரு கேப்பா நாளைக்கி?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவரை மேடையில் பேர் சொல்வது, அவர் பேச்சு இங்கே எடுபடும் என்று ஊருக்கு அறிவிப்பது. அந்த அறிவிப்பை நான் ரத்து செய்துவிட்டு, அவர் ஊர் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, அதுக்குத்தான் வந்தேன். யார் பேர முதல்ல சொல்லணும், யார் பேர அடுத்து சொல்லணும்னு நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும். மருந்தடிக்கிற பொம்பளைங்க பேரும் வேணும். கடைசியில நன்றியுரை நீங்கதான்."

"மருந்தடிக்கிற பொம்பளைங்க பேரா? அத எதுக்கு மேடையில?" என்று வியந்தார். ஆனால் நன்றியுரை என்ற சொல் வேலை செய்தது. உள்ளே திரும்பி, "மிஸ்ஸிக்குக் காப்பி போடு" என்று குரல் கொடுத்தார்.

அவர்களே, அவர்களே

கூட்டம் ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, கோயில் முன்னால் நடந்தது. ஹம்சா வேனின் ஒலிபெருக்கியை ஒரு மரத்தில் கட்டி லயத்துப் பக்கம் திருப்பி வைத்தார். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்கட்டும் என்று ஏற்பாடு. டாக்டர் பாலனும் வந்திருந்தார். துரை முன்வரிசையில். அவர் யோசித்து முடித்தாரா என்பது எனக்குத் தெரியாது. பதிலே வரவில்லை. லெச்சுமி பின்னால் பையனோடு நின்றாள். பார்வதியைக் காணவில்லை.

மைக்கைப் பிடித்தேன்.

"இந்தத் தோட்டத்தின் மேனேஜர் அவர்களே! லயத்துக்குப் பின்னால் லாலான் அடிக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், அதற்கு நன்றி. போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பவர்களை ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, யார் பேரையும் வெட்டக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். யோசிக்கிறேன் என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறீர்கள். மூளைக்கு இவ்வளவு வேலை கொடுப்பது உடம்புக்கு ஆகாது என்று சுகாதார அலுவலகத்தின் சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன்."

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு பட்டென்று நின்றது, துரை சிரிக்கவில்லை என்று பார்த்ததும். டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அடுத்த 'அவர்களே'க்குப் போகவில்லை. போனால் எல்லாம் போச்சு என்று தெரியும். என் வேலையும் போனாலும் போகும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

துரை எழுந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கொண்டு வா. கேக்க மாட்டேன். யாரு பேரும் வெட்ட மாட்டேன்" என்றார். உட்கார்ந்தார். ஒருவரும் கை தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோயில் தலைவர் வீராசாமி அவர்களே! மேனேஜர் அவர்கள் சொன்ன சொல்லுக்கு நீங்கள்தான் சாட்சி. நாளைக்கு யார் பேராவது வெட்டப்பட்டால் அவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்." வீராசாமி நெஞ்சை நிமிர்த்தித் தலையசைத்தார். "மண்டோர் முனியாண்டி அவர்களே! ஸ்டோர் சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது. இனி மிச்ச மருந்து எதுவானாலும் அந்த ஸ்டோருக்குத்தான் திரும்ப வேண்டும். ஸ்டோரைப் பூட்டாமல் நீங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது." முனியாண்டி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், "சரின்னு சொல்லு மச்சான்" என்றார். "சரி மிஸ்ஸி" என்றார் முனியாண்டி.

அடுத்தது, அந்தத் தோட்டத்து மேடையில் யாரும் அதுவரை சொல்லாத பேர்கள். வீராசாமி சொல்லித்தந்த வரிசையில் ஒன்றும் விடாமல் சொன்னேன். "மருந்தடிக்கும் அஞ்சலை அவர்களே! லெச்சுமி அவர்களே! பார்வதி அவர்களே! சரசு அவர்களே!" என்று போனது. பெண்கள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. "ஐயோ, என்னயவா!" என்று ஒரு குரல். "உங்களில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இருந்தால், இந்தக் கூட்டம் முடிவதற்குள், இதோ இந்த மேசையில் வைத்துவிடுங்கள். ஒரு வாய் போதும், ஒரு பிள்ளை போய்விடும். என்னிடம் அதற்கு மருந்து இல்லை. டாக்டரிடமும் இல்லை. வணக்கம்."

உட்கார்ந்துவிட்டேன். விளிப்பு முடிந்தது, இனிமேல்தான் பேச்சு என்று கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நன்றியுரை

வீராசாமி நன்றியுரைக்கு எழுந்தார். நன்றியுரை என்றால் கூட்டம் கலைகிற நேரம். பெண்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். லெச்சுமியும் பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மேசை காலியாக இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் தரையைப் பார்த்தேன்.

முதலில் திரும்பி வந்தவள் அஞ்சலை. சேலைத் தலைப்பில் எதையோ மறைத்துக்கொண்டு வந்து, மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். கிச்சாப் போத்தல். ஸ்பீக்கர் செட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த வீராசாமி, நாக்கு பழகிய வாக்கில், "போத்தல் கொண்டுவந்து கொடுத்த அஞ்சலை அவர்களுக்கும் நன்றி" என்றார். கூட்டம் கை தட்டியது. அஞ்சலை தலைப்பை எடுத்து விட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

பிறகு வந்தவர்கள் மறைக்கவில்லை. சரசு வந்தாள், பேர் சொல்லப்படும் வரை மேசையை விட்டு நகராமல் நின்றாள். இன்னும் பலர் வந்தார்கள். மருந்தடிக்காத வீடுகளிலிருந்தும் போத்தல்கள் வந்தன. டிரசர் கையுறை போட்டுக்கொண்டு போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினார். லெச்சுமியும் ஒன்றோடு வந்தாள். நான் எடுத்துப்போன பிறகும் ஒன்று வைத்திருந்திருக்கிறாள்! முறைத்தேன். "பாம்பு மிஸ்ஸி" என்றாள் மெதுவாக.

அவள் கண் மேசையில் இல்லை, லயத்துப் பாதையில் இருந்தது. "அவ வரல" என்றாள்.

வீராசாமி எனக்காக நன்றியை நீட்டினார். பந்தல் போட்டவருக்கு, தண்ணீர் கொடுத்தவருக்கு, மழை பெய்யாமல் விட்ட மாரியம்மனுக்கு. தொண்டை வறண்டு உட்கார்ந்துவிட்டார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஹம்சா மைக்கைக் கழற்ற வந்தார்.

லெச்சுமி பையனை என் மடியில் போட்டுவிட்டு மேடைக்குப் போனாள். மைக்கை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி முதலில் அவள் மூச்சைத்தான் லயத்துக்கு அனுப்பியது.

"பார்வதி அவர்களே" என்றாள். லயத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எம்புள்ள ஒன் வீட்டுலதான்லா வெளையாடுறான்."

அவ்வளவுதான். மைக்கை ஹம்சாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். யாரும் எழுந்து போகவில்லை. துரையும் போகவில்லை.

பார்வதி வருவது தூரத்திலேயே தெரிந்தது. கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டி, அதில் போத்தலைப் பிடித்துக்கொண்டு, கால் பார்த்து வைத்து வந்தாள். மேசைமேல் வைத்தாள். லெச்சுமியைப் பார்க்காமல், "நீ பேரு சொல்லிக் கூப்புட்டா வரமாட்டேனா?" என்றாள். பிறகு என் மடியிலிருந்து பையனைத் தூக்கிக்கொண்டு, "இவன் இன்னும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள். லெச்சுமி அவள் பின்னால் போனாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

எண்பதுகளில் என்னைப் பேச்சுப் பயிற்சி நடத்தச் சொன்னார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்களும் பையன்களும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "முன்னுரை எவ்வளவு நீளம் இருக்கணும் மிஸ்ஸி, நடுப்பகுதியில எத்தனை குறிப்பு வைக்கலாம்?" என்று கேட்பார்கள். அதெல்லாம் உங்கள் சௌகரியம் போல வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கூட்டத்துக்குப் போகுமுன் வீடு வீடாகப் போங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து நடக்க வேண்டியவர் யார், எங்கிருந்து எங்கே நடக்க வேண்டும், அவரை நடக்கவிடாமல் தடுக்கிறது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்த ஆளின் பேர் தெரிந்த பிறகு பேனாவைத் திறந்தால் போதும். பேச்சு தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.